சாம்பலும் பூந்திக் கொட்டையும்: வீட்டில் செய்துகொள்ளும் சலவைப் பொருள்கள்

குடியானவர் வீடுகளில் ஒவ்வொரு சந்தை நாளிலும் சவுக்காரத்திற்கும் பாத்திரம் துலக்கும் தூளுக்கும் ஒரு தொகை செலவாகிறது. அதே வீட்டுக் கொல்லையில் அடுப்புச் சாம்பல் குவிந்து கிடக்கிறது. வேலியோரத்துப் பூந்திக் காய்கள் உதிர்ந்து வீணாகின்றன. இவற்றைக்கொண்டு வேண்டியவற்றைத் தாமே செய்துகொள்வது கடினமன்று. ஆயினும் எவ்வழுக்கிற்கு எது ஏற்றது, எதை எதனுடன் சேர்க்கலாகாது என்பதை அறியாது தொடங்கினால், மிச்சமாகும் பணத்தினும் நேரும் நஷ்டம் பெரிதாகும்.

எண்ணெய்ப் பிசுக்கு காரத்திற்கு இளகும். தாமிரம், பித்தளை இவற்றின் களிம்பு புளிப்பிற்குக் கரையும். பித்தளைக் குடத்தை நம் ஸ்திரீகள் புளியிட்டுத் துலக்குவது இதனாலேயே. ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பை வைத்தலாகாது என்பதும் இதே காரணம் பற்றியதாம்.

நன்றாக வெந்து வெளுத்த விறகுச் சாம்பலைச் சலித்து மண்பானையில் இட்டு, மூன்று மடங்கு தண்ணீர் விட்டுக் கலக்கி ஓரிரவு வைத்தால், காலையில் மேலே தெளிந்து நிற்பது சாம்பற் காரநீர். வாழைச் சருகின் சாம்பலில் காரம் மிகுதி. நெல் உமிச் சாம்பலோ பெரும்பாலும் மணற்சத்தாகையால் தேய்த்துத் துலக்கவே உதவும், காரநீருக்கு ஆகாது. பிசுக்கேறிய பாத்திரங்களையும் பருத்தித் துணிகளையும் இந்நீரில் ஊறவைத்து அலசலாம். அலுமினியத்தை இது அரிக்கும். பட்டும் கம்பளியும் காரத்தில் நைந்துபோம்.

பட்டிற்கும் கம்பளிக்கும் பூந்திக் கொட்டையே சிலாக்கியம். இருபது காய்களின் கறுத்த விதையை நீக்கி, தோலை அரை லிட்டர் வெந்நீரில் இரவு முழுதும் ஊறவைத்துப் பிசைந்து வடிகட்டினால் நுரைக்கும் நீர் கிடைக்கும். இது இரண்டொரு நாளில் புளித்துவிடுமாதலால் அவ்வப்போது செய்துகொள்க. கண்ணில் பட்டால் எரியும். மீன்களுக்கு நஞ்சாகையால் இந்நீரைக் குளத்தில் கொட்டலாகாது.

இரத்தக் கறையை முதலில் குளிர்ந்த நீரிலேயே அலசவேண்டும். வெந்நீர் அதனைத் துணியில் உறைய வைத்துவிடும். மஞ்சட் கறை சவுக்காரம் பட்டுச் சிவந்தால் அஞ்சவேண்டுவதில்லை. துவைத்து வெயிலில் உலர்த்த மங்கிவிடும்.

சொந்தத் தென்னையின் எண்ணெய் உள்ளவர்கள் சவுக்காரமும் செய்யலாம். எண்ணெயை விலைக்கு வாங்கிச் செய்வதில் லாபம் இராதென்பது என் அபிப்பிராயம். ஒரு கிலோ தேங்காயெண்ணெய்க்கு 174 கிராம் காஸ்டிக் சோடாவும் 350 கிராம் தண்ணீரும் தராசில் நிறுத்து எடுக்கவேண்டும், கண்ணளவு கூடாது. காரத்தைச் சிறிது சிறிதாகத் தண்ணீரில் இட்டுக் கரைத்து, ஆறியபின் எண்ணெயில் மெல்ல ஊற்றிக் கூழ்போல் இறுகும்வரை கிளறி மரப்பெட்டியில் வார்க்கவேண்டும். நான்கு வாரம் உலர்ந்தபின் உபயோகிக்கலாம். பிற எண்ணெய்களுக்கு இவ்வளவு காரம் வேண்டுவதில்லை. மிகுந்தால் தோலை அரிக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் சுற்றுப்பயணம் சென்ற ஒரு கிராமத்தில், ஒருவர் காஸ்டிக் சோடாவைப் பாத்திரத்திலிட்டு அதன்மேல் தண்ணீரை ஊற்றினார். உடனே அது கொதித்துத் தெறித்து அவர் முன்கையில் பட்டது. காரத்திற்குப் புளிப்பு மாற்று என்றெண்ணி வீட்டார் புளி கரைக்க ஓடினர். புளி கரையுமளவும் காரம் தோலிலேயே இருந்தது. புண் ஆற நெடுநாளாயிற்று. தண்ணீர்த் தொட்டி பத்தடி தூரத்தில் இருந்தது. பாத்திரத்திற்கு ஏற்ற புளிப்பு உடம்பிற்கு ஏற்றதன்று. காரம் பட்ட கணமே துணியை அகற்றி, ஓடும் நீரில் இருபது நிமிஷமேனும் கழுவவேண்டும். எண்ணெயும் மையும் தடவலாகாது. கண்ணில் காரமோ, வெள்ளையடிக்கும் சுண்ணாம்போ தெறித்தால், இமையை விரித்துப்பிடித்து அவ்வாறே கழுவி, தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்வது அபாயம். காரம் தொண்டையை மறுமுறையும் சுடும். காஸ்டிக் சோடா வேலை நடக்கும்போது குழந்தைகளை அண்டவிடாதீர். அலுமினியப் பாத்திரத்தையும் எடுக்காதீர்.

கிணற்றிலிடும் பிளீச்சிங் பவுடரை எலுமிச்சைச் சாறு, புளி நீர், காடி, கழிவறை கழுவும் அமிலம் எதனுடனும் சேர்க்காதீர். அக்கலவையினின்றெழும் குளோரின் வாயு மூச்சுக்குழலைப் புண்ணாக்கி உயிருக்கே கேடு செய்யும். அறியாது கலந்துவிட்டால் கிளறி நில்லாமல் வெளியே காற்றோட்டமான இடத்திற்கு வந்துவிடவேண்டும்.

சாம்பலைக் குறித்து விவசாயிகளுக்கு இன்னொன்று. பயிருக்கு வேண்டிய சாம்பல் சத்து, வடித்தெடுக்கும் தெளிவோடு போய்விடுகிறது. எஞ்சும் மண்டியில் அது சொற்பமே. ஆகையால் சலவைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, மீதியை மழை நனையாத இடத்தில் சேர்த்துவைத்து வாழைக்கும் தென்னைக்கும் இடுக. சாணக்குழியில் கொட்டினால் எருவிலுள்ள தழைச்சத்து அம்மோனியா வாயுவாகப் பறந்துபோம்.