கவனக் குறைபாடும் குளிகை மாற்றமும்

தெஹியோவிட்டையைச் சூழ்ந்த இறப்பர்த் தோட்டங்களிலே பால் வெட்டும் தாய்மார் விடியற்காலையிலேயே மலைக்குப் போய்விடுவர். வகுப்பில் ஓரிடத்தில் அமராமலும், தொடங்கிய கணக்கை முடிக்காமலும் இருக்கும் மகனுக்கு வைத்தியர் எழுதிக் கொடுத்த குளிகையைப் பாட்டியின் கையில் ஒப்படைத்துவிட்டே தாய் புறப்பட வேண்டியிருக்கிறது. சில வாரங்கள் செல்கின்றன. “இந்த மருந்து குடித்த நாள் தொட்டுப் பிள்ளை சோறு தின்பதே இல்லை” என்று குளிகை நிறுத்தப்படுகிறது. வைத்தியரிடம் திரும்பிப் போவதும் நின்றுவிடுகிறது. கவனக் குறைபாட்டுக் கோளாற்றின் சிகிச்சையில் நேரும் பெரிய இழப்பு இதுவே. ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாவிடின் வேறொரு மருந்து உண்டு. அதே மருந்துக்கு வேறு வடிவமும் உண்டு என்பது அத்தாய்க்குச் சொல்லப்படவில்லை.

இம்மருந்துகள் பிறந்த வரலாறு சுவையானது. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் சார்ள்ஸ் பிராட்லி என்னும் வைத்தியர், மூளையைப் படம் பிடித்த பின்னர் பிள்ளைகளுக்கு உண்டான தலைவலி தீருமென எண்ணிப் பென்செட்றீன் என்ற அம்பெற்றமீன் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலி பெரிதும் தீர்ந்தபாடில்லை. ஆனால் முப்பது பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் பாடங்களில் வியக்கத்தக்க முன்னேற்றம் காட்டினர். 1937 இல் அவர் இதனை வெளியிட்டார். பிள்ளைகளோ அதற்குக் “கணக்குக் குளிகை” என்று பெயர் சூட்டிவிட்டனர்! 1944 இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிலே, சீபா நிறுவனத்து இரசாயனர் லியாண்ட்ரோ பனிசோன், மெதைல்பெனிடேற் என்னும் மற்றொரு மருந்தை ஆக்கினார். றிற்றலின் என்ற அதன் வணிகப் பெயர் அவர் மனைவி றீற்றாவின் பெயரிலிருந்து வந்தது.

இவ்விரண்டும் மூளையிலே டோபமீன், நொரட்றினலின் என்னும் இரசாயனங்களின் அளவைக் கூட்டுகின்றன. ஆயினும் வழி வேறு. மெதைல்பெனிடேற், வெளிவந்த இரசாயனத்தை நரம்பணு மீண்டும் உறிஞ்சிக் கொள்ளாதபடி தடுக்கிறது. அம்பெற்றமீனோ அவ்வாறு தடுப்பதோடு, உள்ளே இருப்பதையும் வெளியே தள்ளுகிறது. மதகை அடைத்துக் குளத்து நீரைத் தேக்குவது ஒன்று. மதகையும் அடைத்து மேலிருந்து நீரையும் திறந்துவிடுவது மற்றொன்று. ஆதலால் ஒன்றுக்கு இசையாத பிள்ளை மற்றதற்கு இசைவதுண்டு. முதல் மருந்தினால் பத்துப் பிள்ளைகளில் ஏழு பேரளவில் நன்மை பெறுவரெனின், இரண்டையும் முயன்று பார்க்குமிடத்து அத்தொகை எட்டு ஒன்பதாக உயர்கிறது. இரண்டும் ஒவ்வாதோர்க்கு அற்றமொக்ஸ்ரீன் போன்ற வேறினத்து மருந்துகள் உள. அவற்றின் முழுப்பயன் தெரியப் பல வாரங்கள் செல்லும்.

மருந்தை மாற்றாமல், வடிவத்தை மாத்திரம் மாற்றவேண்டிய நேரமும் உண்டு. இதுதான் பாடசாலையில் அடிக்கடி தவறாக விளங்கிக்கொள்ளப்படுகிறது. சாதாரண மெதைல்பெனிடேற் குளிகை ஏறக்குறைய நான்கு மணி நேரமே வேலை செய்யும். காலை ஆறரைக்கு விழுங்கிய குளிகையின் வலிமை பத்தரைக்கே ஓய்ந்துவிடும். பாடசாலையோ ஒன்றரை வரை நடக்கிறது. இடைவேளைக்குப் பின் பிள்ளை பழையபடி துள்ளுவதைக் கண்ட ஆசிரியர், “மருந்தால் பயனில்லை” என்று தீர்ப்புக் கூறிவிடுகிறார். பயன் இருக்கிறது, நேரந்தான் போதவில்லை. எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை நின்று செயற்படும் வடிவங்கள் உள்ளன. அவற்றை நொறுக்கவோ மெல்லவோ கூடாது.

மாற்றுவது வைத்தியர் செய்யவேண்டிய காரியம். வழக்கமாக, ஊக்கி மருந்தொன்றை நிறுத்தி மறுநாட் காலையிலேயே மற்றதைக் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவர். மில்லிகிராம் கணக்கைப் பார்த்து வீட்டிலே ஈடு செய்தல் ஆபத்து. அம்பெற்றமீன் வகையில் ஏறத்தாழப் பாதியளவே மெதைல்பெனிடேற்றின் முழு அளவுக்கு ஒப்பாகும். “ஐஸ்” என்னும் போதைப்பொருளை நினைத்து அஞ்சும் பெற்றோரும் உளர். 1971 ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையால் இம்மருந்துகள் கட்டுப்படுத்தப்பட்டிருப்பது உண்மையே. அதனாலேயே அளவும் சீட்டும் வைத்தியரின் கையில் இருக்கின்றன.

விரும்பாமல் வரும் மாற்றமும் உண்டு. 2022 இல் அமெரிக்காவிலும், 2023 இல் பிரித்தானியாவிலும் இம்மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வந்து, பலர் கிடைத்ததற்கு மாற நேர்ந்தது. 2022 இல் இலங்கை பட்ட மருந்துப் பஞ்சம் யாவரும் அறிந்ததே. வேறு கம்பனியின் நீடித்த குளிகை, அளவு ஒன்றாயிருந்தும், மருந்தை வெளிவிடும் வேகத்தில் வேறுபடக்கூடும். பழைய வெற்றுறையை எடுத்துச் சென்று காட்டுவது நல்லது.

எந்த மருந்து எந்தப் பிள்ளைக்குப் பொருந்தும் என்பதை முன்கூட்டிச் சொல்ல இரத்தப் பரிசோதனை இல்லை. கண்ணால் கண்டதே அளவுகோல். கரவனெல்லைக்கோ அவிசாவளைக்கோ, கொழும்பு சீமாட்டி றிட்ஜ்வே வைத்தியசாலைக்கோ செல்லும் தாய் ஒரு நாட் சம்பளத்தை இழந்தே செல்கிறாள். அங்கே சிங்களம் பேசும் வைத்தியரிடம் தமிழில் இடர்ப்படுகிறாள். வகுப்பாசிரியர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிய நான்கு வரி அவள் கையில் இருந்தால் அப்பயணம் வீணாகாது: எத்தனை மணி வரை அமைதி, எப்போது குலைவு, மதிய உணவு உண்டானா, முகம் வாடிப் பேச்சொழிந்து கிடந்தானா. இறுதியாகச் சொன்னது மிக முக்கியம்; அடங்கிக் கிடக்கும் பிள்ளையை ஆசிரியர் நலமென்று எண்ணுவதுண்டு, ஆனால் அது மருந்தின் அளவு மிகுந்ததற்கு அறிகுறியாக இருக்கலாம்.

பசியின்மைக்குக் குளிகைக்கு முன்பே காலை உணவைக் கொடுத்து, மாலையில் பசி திரும்பும்போது வயிறாற இடுதல் வேண்டும். நிறை, உயரம், நாடி, இரத்த அழுத்தம் ஆகியவற்றை ஒவ்வொரு தவணையிலும் பார்ப்பர். குடும்பத்தில் எவரேனும் இளவயதில் இருதய நோயால் இறந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். புதிய மருந்தில் மயக்கமோ நெஞ்சு நோவோ கண்டால், அடுத்த தவணை வரை காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.