பாலம் கட்டிய கதையைப் படமாக்கியவர் ஜப்பான்காரர்! காப்பாற்றியது டி.வி.

ராமேசுவரம் கடலில் வானர சேனை பாலம் கட்டிய கதை, இந்தக் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ராமாயணத்தை முழுநீள கார்ட்டூன் படமாக எடுத்தவர் யார் தெரியுமா? தமிழர் அல்ல. வடநாட்டுக்காரரும் அல்ல. ஜப்பான்காரர்!

அவர் பெயர் யூகோ சாகோ. 1983-ம் ஆண்டு டாக்குமெண்டரி எடுக்க இந்தியா வந்தவர், ராமாயணத்தில் சொக்கிப் போனார். ராமர் கதையைக் கார்ட்டூனாக்குவதா என்று இங்கே எதிர்ப்பு கிளம்பியது. சாகோ விடவில்லை. ஜப்பானிலேயே வேலையைத் தொடங்கினார். இந்திய அனிமேஷனின் தந்தை எனப்படும் ராம்மோகன் கை கொடுத்தார். சுமார் 450 கலைஞர்கள் உழைத்தார்கள். 1992-ல் படம் தயார்.

தியேட்டரில் படம் பெரிதாக எடுபடவில்லை. ஆனால் டெலிவிஷன் கைவிடவில்லை. திரும்பத் திரும்ப ஒளிபரப்பானது. அதைப் பார்த்த பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களானார்கள். 2025 ஜனவரி 24-ந் தேதி படம் மறுபடியும் தியேட்டருக்கு வந்தது. இந்த முறை தமிழும் பேசியது!

வாய் மட்டும் அசையும்

படத்தை வாழ வைத்த அதே டி.வி.தான், உள்ளூர் ஓவியர்களின் வயிற்றிலும் அடித்தது. எப்படி?

சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 பிரேம். ஒரு நிமிஷத்துக்கு 1,440. ஒரே படத்தை இரண்டு பிரேமுக்கு வைத்து ஒப்பேற்றினாலும், நிமிஷத்துக்கு 720 படம் வரைய வேண்டும். பணம் தண்ணீராகக் கரையும்.

1957-ல் அமெரிக்காவின் எம்.ஜி.எம். நிறுவனம் தன் கார்ட்டூன் பிரிவை மூடியது. அங்கே 'டாம் அண்ட் ஜெர்ரி' எடுத்த ஹன்னா, பார்பரா இருவரும் டி.வி. பக்கம் வந்தார்கள். சிக்கன வழி பிடித்தார்கள். உடம்பு அப்படியே நிற்கும். வாய் மட்டும் அசையும். ஓடும்போது பின்னால் அதே மரம், அதே வீடு மறுபடி மறுபடி வரும். செலவு குறைந்தது. சரக்கு உலகமெல்லாம் போனது.

ஏரியலில் வந்த பூனை

அந்தச் சரக்கு இந்தக் கடல் வரை வந்தது. 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது. அதற்கும் ஜப்பான் உதவிதான்! ராமேசுவரம் கரையில் உயரமாக ஏரியல் கட்டி ரூபவாஹினி பார்த்தார்கள். பிற்பாடு ராமநாதபுரம் மாவட்டத்தில் தூர்தர்ஷன் எழுப்பிய கோபுரத்தின் உயரம் 323 மீட்டர்.

ஹன்னா-பார்பராவின் 'டாப் கேட்' பூனை, ரூபவாஹினியில் 'பிஸ்ஸு பூஸா' ஆகி சிங்களம் பேசியது. பேச வைத்தவர் டைட்டஸ் தொட்டவத்த. குரல் மாறியதும் அமெரிக்கப் பூனை ஊர்ப் பூனையாகிவிட்டது!

டி.வி. கம்பெனிகளின் கணக்கும் இதுதான். சொந்த ஊரில் போட்ட பணத்தை எடுத்துவிட்ட படம், இங்கே மலிவாகக் கிடைக்கும். குரல் கொடுத்தால் போதும். புதிதாக வரைய வேண்டுமென்றால் முதல் கோட்டிலிருந்தே செலவு.

பீம் காட்டிய வழி

இந்தக் கணக்கை உடைத்தது ஐதராபாத். அங்குள்ள கிரீன் கோல்டு நிறுவனத்தின் 'சோட்டா பீம்' 2008-ல் போகோ டி.வி.யில் வந்தது. பிள்ளைகள் விடவில்லை. டி.வி. வருமானத்தோடு பை, பொம்மை என்று விற்பனையும் சேர்ந்தது. உள்ளூர்ப் படமும் காசு பார்க்கும் என்று தெரிந்தது.

தமிழ் நிலவரம் என்ன? 2007-ல் சுட்டி டி.வி. வந்தது. டோரா தமிழ் பேசினாள். வீட்டுக்கு வீடு ஒரே கொண்டாட்டம். குரல் கலைஞர்களுக்கு வேலை கிடைத்தது. வரைகிறவர்களுக்கு?

திறமைக்குப் பஞ்சமில்லை. சென்னை பென்டாமீடியா எடுத்த 'பாண்டவாஸ்' தேசிய விருது வாங்கியது. 2007-ல் இளையராஜா இசையில் 'இனிமே நாங்கதான்' என்ற தமிழ் அனிமேஷன் படமும் வந்தது. ஆனால் ஒரு படம் முடிந்தால் அடுத்த வேலை எங்கே? வாரா வாரம் ஓடும் தொடர் இருந்தால்தான் ஓவியனுக்கு மாதச் சம்பளம். அந்த ஆர்டரைக் கொடுக்க வேண்டியது டி.வி.தான்.

முத்துக்குளிப்பு, கடல் பசு, புயலில் அழிந்த தனுஷ்கோடி என்று இந்தக் கரையில் கதைக்கா குறை? வரையச் சொல்லி ஆர்டர் கொடுக்கத்தான் ஆள் வேண்டும். இதற்கும் ஜப்பானிலிருந்துதான் ஒருவர் வரவேண்டுமா?