பியூஸ் போனது! மேடை இருண்டது!

பாட்டுக் கோஷ்டிக்கு என்ன வேண்டும்? பாடுகிறவர் வேண்டும். வாத்தியக்காரர்கள் வேண்டும். ஒலிபெருக்கி வேண்டும்.

விளக்கு?

"மேடையில் ஏதாவது ஒரு பல்பு எரிந்தால் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு.

போதாது என்று நினைத்தார்கள், லண்டன் நகரத்து வாலிபர்கள் நான்கு பேர். அவர்களிடம் காசு இல்லை. ஆனால், அவர்களுடைய பாட்டைப் போலவே அவர்கள் மேடையின் வெளிச்சமும் உலகப் புகழ் பெற்றது.

அந்தக் கோஷ்டியின் பெயர் பிங்க் பிளாய்டு. 1965-ல் தொடங்கியது. சிட் பாரெட், ரோஜர் வாட்டர்ஸ், ரிச்சர்டு ரைட், நிக் மேசன் ஆகிய நால்வரும் அதில் இருந்தார்கள். இவர்களில் கடைசி மூவரும் கட்டடக்கலை படித்த மாணவர்கள்.

அவர்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ஒரு விசித்திரமான ஆசாமி. பெயர் மைக் லியனார்டு. கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுப்பவர். ஓட்டை போட்ட தட்டுகளை மோட்டாரில் சுழல விட்டு, அதன் வழியே விளக்கு வெளிச்சத்தைப் பாய்ச்சி, சுவரில் கோலம் காட்டுவார். வாடகைக்குக் குடியிருந்த பையன்கள் அந்தக் கோலத்துக்கு ஏற்றபடி வாத்தியம் வாசிப்பார்கள்.

பாட்டுக்கும் வெளிச்சத்துக்கும் கல்யாணம் நடந்தது அந்த வீட்டில்தான்!

பலகையில் விளக்கு

1966-ம் ஆண்டு இலையுதிர் காலம். லண்டனில் ஒரு மாதா கோவிலைச் சேர்ந்த மண்டபத்தில் இவர்கள் கச்சேரி நடந்து வந்தது. அமெரிக்காவில் இருந்து வந்த தம்பதிகள் இருவர், கோஷ்டியின் மேல் வண்ணப் படங்களை விழச் செய்தார்கள். ரசிகர்கள் சொக்கிப் போனார்கள்.

பிறகு அந்தத் தம்பதிகள் ஊருக்குத் திரும்பி விட்டார்கள். வெளிச்சமும் அவர்களோடு போய் விட்டது.

இனி என்ன செய்வது?

கோஷ்டியின் நிர்வாகிகள் பீட்டர் ஜென்னரும் ஆண்ட்ரூ கிங்கும். இருவருமே பாதிரியார் வீட்டுப் பிள்ளைகள். நாடக மேடை விளக்கைப் பற்றி இருவருக்கும் ஒன்றும் தெரியாது. அதை விற்கும் கடை எங்கே இருக்கிறது என்பதுகூடத் தெரியாது!

எனவே, சாதாரணக் கடைக்குப் போனார்கள். குவிந்த வெளிச்சம் தரும் பல்புகள் சிலவற்றை வாங்கினார்கள். வீட்டுச் சுவரில் இருக்குமே, அதே மாதிரி ஸ்விட்சுகளை வாங்கினார்கள். வண்ணத் தாள் வாங்கினார்கள். அதைக் குத்தி வைக்கச் சின்ன ஆணிகள் வாங்கினார்கள். ஜென்னரின் மனைவியும் சேர்ந்து கொண்டார். எல்லாவற்றையும் மரப்பலகையில் பொருத்தினார்கள்.

மேடை விளக்கு தயார்!

பாட்டின் தாளத்துக்கு ஏற்ப ஒருவர் ஸ்விட்சைத் தட்டுவார். சிவப்பு எரியும். அணையும். பச்சை எரியும். அணையும். விளக்குகள் தாழ்வாக இருந்தன. ஆகையால், வாத்தியக்காரர்களின் நிழல் பின்னால் உள்ள சுவரில் ராட்சத உருவமாக எழுந்தது. தீபாவளிக்கு மத்தாப்பு கொளுத்தும்போது குழந்தையின் நிழல் கூரை வரை எழும்பும் அல்லவா? அதுபோலத்தான். வேண்டும் என்று செய்ததோ, தானாக அமைந்ததோ, அந்த நிழல்தான் கோஷ்டியின் அடையாளம் ஆயிற்று.

கண்ணாடிக்குள் எண்ணெய்

அடுத்து வந்தவர் பீட்டர் வின் வில்சன். இவருக்கு நாடகக் கொட்டகை அனுபவம் உண்டு. கொட்டகைக்காரர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய விளக்குகளை எடுத்து வந்து, பழுது பார்த்து ஏற்றினார்.

இவரும் இவரைப் போன்ற சிலரும் செய்த வித்தை ஒன்று உண்டு. இரண்டு சின்னக் கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே வண்ண மையையும் எண்ணெயையும் விடுவார்கள். அதைப் படம் காட்டும் கருவிக்குள் செருகுவார்கள். விளக்குச் சூட்டில் எண்ணெய் கொதிக்கும். குமிழி கிளம்பும். ஊரும், பிரியும், சேரும். அத்தனையும் மேடையில் பெரிதாகத் தெரியும்.

சூடு போதாவிட்டால் தீ ஊதும் விளக்கால் சூடு காட்டுவார்கள். சூடு மிஞ்சினால், பெண்கள் கூந்தல் உலர்த்தும் கருவியால் காற்று அடிப்பார்கள். விளக்குக்காரரும் ஒரு வாத்தியக்காரரே என்று சொன்னால் தவறில்லை.

இருட்டு!

1966 அக்டோபர் 15-ந்தேதி இரவு. "ரவுண்டுஹவுஸ்" என்ற வட்டமான பழைய கட்டடத்தில் ஒரு புதிய பத்திரிகையின் தொடக்க விழா நடந்தது. அந்தக் கட்டடம் 1847-ல் ரெயில் என்ஜின்களை நிறுத்துவதற்காகக் கட்டியது. மின்சார வசதி மிகக் குறைவு.

பிங்க் பிளாய்டு வாசித்தார்கள். வண்ணங்கள் ஓடின. ஒலிபெருக்கிகள் முழங்கின. கச்சேரி முடியும் நேரம்.

பட்!

பியூஸ் போய் விட்டது. எங்கும் இருட்டு. கச்சேரியும் அத்தோடு முடிந்தது!

கணக்குப் போடுங்கள்

இந்த விபத்து இன்றைக்கும் நம் ஊர்த் திருவிழா மேடைகளில் நடக்கிறது. "கரண்டு போய் விட்டது" என்று எல்லோரும் மின்சார வாரியத்தைத் திட்டுவார்கள். பல சமயம் வாரியத்தின் மேல் குற்றம் இருக்காது.

கணக்கு சுலபம். விளக்கின் வாட்டை, மின்சாரத்தின் வோல்ட்டால் வகுக்க வேண்டும். வருவது ஆம்பியர்.

பழைய ரக மேடை விளக்கு ஒன்று 1,000 வாட். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். வகுத்தால், ஒரு விளக்குக்கு ஏறக்குறைய 4½ ஆம்பியர். பெரிய பிளக் தாங்குவது 16 ஆம்பியர். ஆக, மூன்று விளக்கு எரியும். நான்காவதைப் போட்டால் 17 ஆம்பியரைத் தாண்டி விடும். பியூஸ் போகும் ஆபத்து வந்து விடும்.

இன்னொரு விஷயம். பழைய ரக பல்பில் உள்ள கம்பி குளிர்ந்து கிடக்கும்போது, பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். ஆகவே, எல்லா விளக்கையும் ஒரே நொடியில் போடுகிறவன் ஆபத்தை விலைக்கு வாங்குகிறான்.

விளக்குக்கு ஒரு லைன், ஒலிபெருக்கிக்கு வேறு லைன் என்று பிரிப்பது நல்லது. இதற்குக் காரணம் பியூஸ் மட்டும் அல்ல. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி மின்சாரத்தை நறுக்கி நறுக்கி அனுப்புகிறது. அந்த நறுக்கல் கித்தாருக்குள் புகுந்து "ஙொய்" என்று வண்டு போல ரீங்காரம் இடும்.

மூன்றாவது பின்

இந்த ரீங்காரத்தை நிறுத்தச் சிலர் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். பிளக்கின் மூன்றாவது பின்னில் உள்ள எர்த் வயரைக் கழற்றி விடுவார்கள். சத்தம் நின்று விடும். "பார்த்தாயா என் கெட்டிக்காரத்தனத்தை!" என்பார்கள்.

இது கெட்டிக்காரத்தனம் அல்ல. கொலை!

1972 மே 3-ந்தேதி நடந்ததைக் கேளுங்கள். பிரிட்டனில் ஸ்வான்சி என்ற ஊர். "ஸ்டோன் த குரோஸ்" என்ற கோஷ்டியின் கித்தார்காரர் லெஸ் ஹார்வி. வயது 27. மேடையில் நின்று மைக்கைத் தொட்டார். அந்த மைக்குக்கு எர்த் சரியாக இல்லை. மின்சாரம் தாக்கியது. ரசிகர்கள் கண் எதிரே விழுந்தார். உயிர் போய் விட்டது.

கித்தார் வாசிப்பவர் ஒரு கையால் கம்பியைப் பிடித்திருக்கிறார். கம்பிக்கும் ஒலிபெருக்கிக்கும் தொடர்பு இருக்கிறது. மறு கை மைக்கைத் தொடுகிறது. இரண்டில் ஒன்றில் மின்சாரம் கசிந்தாலும் அது ஒரு கையில் ஏறி, மார்பைக் கடந்து, மறு கையில் இறங்கும். நடுவே இருப்பது இருதயம்.

பியூஸ் இவரைக் காப்பாற்றாதா? காப்பாற்றாது! பியூஸ் உருகப் பல ஆம்பியர் வேண்டும். ஆளைக் கொல்ல ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். இதற்கென்று தனிக் கருவி இருக்கிறது. மின்சாரம் கசிந்தால் கண் இமைப்பதற்குள் லைனைத் துண்டித்து விடும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே போதும். மேடைக்கு லைன் இழுக்கும் இடத்தில் இந்தக் கருவி இல்லை என்றால், புதிதாக ஒரு விளக்குகூட வாங்காதீர்கள். முதலில் அதை வாங்குங்கள்.

தலையாட்டும் விளக்கு

பிங்க் பிளாய்டு வளர்ந்தது. 1970-களில் ஆர்தர் மாக்ஸ் என்ற அமெரிக்கர் விளக்குப் பொறுப்பை ஏற்றார். பிற்காலத்தில் "கிளாடியேட்டர்" சினிமாவுக்கு அரங்கம் அமைத்தாரே, அவர்தான்! தொழிற்சாலைகளில் உயரத்தில் உள்ள பல்பை மாற்றுவதற்கு ஆளைத் தூக்கும் கோபுரம் உண்டு. அதில் ஆளுக்குப் பதில் விளக்குக் கொத்தை ஏற்றி, ரசிகர்கள் முன்னால் உயர்த்தினார். 1974-ல் மேடைக்குப் பின்னால் 40 அடி அகல வட்டத் திரையும் வந்தது. பலகைக் காலம் மலையேறியது.

ஆனாலும் ஒரு குறை. ஒரு விளக்கு ஒரு திசையைத்தான் பார்க்கும். ஒரு நிறத்தைத்தான் காட்டும். பத்து நிறம், பத்து இடம் என்றால் நூறு விளக்கு வேண்டும்!

இந்தக் குறையைத் தீர்க்க உதவியது ஜெனிசிஸ் என்ற வேறொரு கோஷ்டி. அமெரிக்காவில் டல்லாஸ் நகரக் கம்பெனி ஒன்று, மோட்டார் வைத்த விளக்கைக் கண்டுபிடித்தது. பெயர் வாரி லைட். அது தானே தலையைத் திருப்பும். தானே நிறம் மாறும். ஜெனிசிஸ் கோஷ்டியார் அதற்குப் பணம் போட்டார்கள். 1981 செப்டம்பர் 25-ந்தேதி ஸ்பெயின் நாட்டில் பார்சிலோனா நகரில், காளைச் சண்டை மைதானத்தில், அந்த விளக்குகள் முதல் முறையாகக் கச்சேரியில் எரிந்தன.

இத்தனை விளக்குக்கும் கட்டளை இடுவது எப்படி? 1986-ல் அதற்கு ஒரு பொது முறை வகுத்தார்கள். டி.எம்.எக்ஸ். 512 என்று பெயர். தபால்காரர் ஒரே தெருவில் நடந்து, கதவு எண் பார்த்துக் கடிதம் போடுவது போல, ஒரே கேபிளில் 512 கட்டளைகள் போகும். விளக்கு தன் எண்ணுக்கு வந்ததை மட்டும் எடுத்துக் கொள்ளும். இந்தக் கேபிள் பார்வைக்கு மைக் கேபிள் மாதிரியே இருக்கும். அதற்காக மைக் கேபிளை மாட்டினால், தூரம் கூடும்போது விளக்குகள் பைத்தியம் பிடித்தவை போல மினுக்கும்!

நீல நிறம் கொடுத்த நோபல் பரிசு

கம்பி பல்பில் செலவாகும் மின்சாரத்தில் நூற்றில் பத்துப் பங்குகூட வெளிச்சம் ஆவதில்லை. மீதி எல்லாம் சூடு. அதன் முன்னால் நீலத் தாளை வைத்தால், கிடைத்த வெளிச்சத்திலும் பெரும்பகுதியைத் தாள் தின்று விடும். வெண்மையைக் கொடுத்து நீலத்தை வாங்குவது, பத்துப் படி நெல்லைக் கொடுத்து ஒரு படி அரிசி வாங்குவது போல!

எல்.இ.டி. விளக்கில் அந்த நஷ்டம் இல்லை. நீலம் வேண்டுமானால் நீலமே பிறக்கிறது. அந்த நீலத்தை எரிய வைத்த ஜப்பானிய விஞ்ஞானிகள் அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது.

மறுபடியும் நம் கணக்கைப் போடுவோம். எல்.இ.டி. மேடை விளக்கு ஒன்று 100 வாட் என்று வைத்துக் கொள்ளுங்கள். 16 விளக்குகள் 1,600 வாட். சுமார் 7 ஆம்பியர்! முன்பு மூன்று விளக்கு எரிந்த அதே பிளக்கில், இன்று 16 விளக்கு எரிந்தும் மிச்சம் இருக்கிறது. லாரியில் போன சாமான் இப்போது சின்ன வேனில் போகிறது. மெல்லிசைக் கோஷ்டி வைத்திருக்கும் வாலிபர்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம்.

விளக்கு லேசாகி விட்டது என்பதற்காக அலட்சியம் கூடாது. 2011 ஆகஸ்டு 13-ந்தேதி, அமெரிக்காவில் இண்டியானா மாநிலப் பொருட்காட்சியில், கச்சேரி தொடங்கும் நேரத்தில் பலத்த காற்று அடித்தது. விளக்குகள் தொங்கிய மேடைக் கூரை அப்படியே சரிந்தது. ஏழு பேர் மாண்டார்கள். விளக்கு நிற்கும் ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டை வேண்டும். ஒவ்வொரு விளக்குக்கும், திருகாணி கழன்றாலும் விழாதபடி, தனியாக ஒரு இரும்புக் கம்பிக் கயிறு வேண்டும். காற்று கிளம்பினால் கச்சேரியை நிறுத்தி, ஸ்டாண்டை இறக்க வேண்டும். "விழாக் கமிட்டியார் கோபிப்பார்களே!" என்றால் கோபிக்கட்டும்.

முகம் தெரிகிறதா?

கடைசியாக ஒன்று. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கலந்தால் வெள்ளை வரும் என்று கடைக்காரர் சொல்வார். வரும். ஆனால் அந்த வெள்ளையில் மனித முகம் பிணம் போல வெளிறித் தெரியும். ஆகவே, வண்ண விளக்கு எத்தனை வாங்கினாலும், இளமஞ்சள் சாயலுள்ள வெள்ளை விளக்கு இரண்டு வாங்க வேண்டும். மேடைக்கு முன்னால் இரு பக்கமும், தலைக்கு மேல் உயரத்தில், சாய்வாக வைக்க வேண்டும்.

பிங்க் பிளாய்டு கோஷ்டியார் நிழலில் மறைந்து நின்று பேர் வாங்கினார்கள். நம் ஊர்ப் பாடகருக்கு அது சரிப்படாது. அம்மன் கோவில் கொடைக்கு வந்த பாட்டி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். மேடையில் பாடுவது அவள் பேரன். அவன் முகம் அவளுக்குத் தெரிய வேண்டாமா?