சிவப்பு மருந்தும் ஹிருதயமும்

இத்தாலி தேசத்தின் தென்கிழக்கே, காஸ்டெல் தெல் மோன்டே என்ற பழங்கோட்டையின் அருகே அள்ளிய மண்ணிலிருந்து, 1950-களில் மிலான் நகரத்து ஃபார்மிட்டாலியா நிறுவனத்தின் விஞ்ஞானிகள் பிரித்தெடுத்த ஒரு நுண்ணுயிர், செந்நிறமான ஒரு பொருளைச் சுரந்தது. அதிலிருந்து டானோரூபிசின் என்ற ஔஷதமும், பின்னர் அதே நுண்ணுயிரின் மாறுபட்ட வகையொன்றிலிருந்து, ஏட்ரியாட்டிக் கடலின் பெயரைத் தாங்கிய ஏட்ரியாமைசினும் பிறந்தன. இன்று டாக்ஸோரூபிசின் என்று வழங்கும் இந்தச் சிவப்பு மருந்து, மார்பகப் புற்றிலும், நிணநீர்ப் புற்றிலும், குழந்தைகளின் ரத்தப் புற்றிலும் எண்ணற்ற உயிர்களை மீட்டுத் தந்திருக்கிறது. அதே மருந்துதான் சிலருடைய ஹிருதயத்தைப் பலவீனப்படுத்தியும் இருக்கிறது.

வேகமாகப் பெருகும் அணுக்களை அழிப்பதற்கென்று தரப்படும் மருந்து, அநேகமாகப் பெருகாமலே ஆயுள் முழுதும் உழைக்கும் ஹிருதயத் தசையை ஏன் வதைக்க வேண்டும் என்ற கேள்வி வைத்தியர்களை நெடுங்காலம் கலங்கவைத்தது. மரபணு இழைகளில் ஏறும் முறுக்கை வெட்டி அவிழ்த்து மறுபடி ஒட்டும் டோபோஐசோமெரேஸ் என்ற நொதியை, வெட்டிய நிலையிலேயே ஒட்டவிடாமல் நிறுத்திவிடுவது இம்மருந்தின் செயல். அந்த நொதியின் மற்றொரு வகை ஹிருதய அணுக்களிலும் இருக்கிறது என்பதும், அதை நீக்கிய எலிகளுக்கு இந்தக் கேடு பெரும்பாலும் நேர்வதில்லை என்பதும் 2012-இல் வெளியான ஆராய்ச்சியால் தெரியவந்தன. இரும்புச் சத்தோடு சேர்ந்து மருந்து விளைவிக்கும் நச்சு மூலக்கூறுகள், அணுவுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாக்களையும் சிதைக்கின்றன. மாண்ட தசையணுவுக்குப் பதிலாகப் புதியது முளைப்பது மிக அற்பம்.

இந்தச் சேதம் சேர்ந்துகொண்டே போவது. உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு மொத்தம் 550 மில்லிகிராம் பெற்றவர்களில் நூற்றுக்கு 7 பேருக்கு ஹிருதயம் தளர்ந்தது என்று 1979-இல் கணக்கிட்டார்கள். 2003-இல் வெளியான மற்றோர் ஆய்வு அதே அளவுக்கு 26 பேர் என்றது. ஆகவேதான் வாழ்நாள் அளவுக்கு ஒரு வரம்பு விதித்திருக்கிறார்கள். டிராஸ்டுஸுமாப் போன்ற வேறு சில புற்று மருந்துகளால் நேரும் தளர்ச்சியோ, மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் தேறிவிடும்.

மூச்சு வாங்குவதும், கால் வீங்குவதும், அயர்ச்சியும் வந்தால், சிகிச்சையின் களைப்பு என்று இருந்துவிடக் கூடாது. பால்யத்தில் மருந்து ஏற்றிக்கொண்டவர்களுக்கு இவை பல வருஷங்கள் கழித்தும் தலைகாட்டுவதுண்டு. சிகிச்சைக்கு முன்பும் பின்பும் எக்கோ பரிசோதனை செய்து, தளர்ச்சியை ஆரம்பத்திலேயே கண்டுகொண்டால், மாத்திரைகளாலேயே ஹிருதயத்தைப் பெரிதும் தேற்ற முடிகிறது. அபாயம் மிகுந்தவர்களுக்கு டெக்ஸ்ராஸோக்ஸேன் என்ற காப்பு மருந்தும் இருக்கிறது. அஞ்சிச் சிகிச்சையையே மறுப்பது பெரும் பிழை என்பது என் திடமான எண்ணம்.

வாசகர்களில் யாரேனும் இச்சிகிச்சை பெற்று வீடு திரும்பினால், எந்த மருந்து, மொத்தம் எத்தனை மில்லிகிராம் என்பதை ஆஸ்பத்திரியில் எழுதி வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பிற்காலத்தில் எந்த வைத்தியரிடம் போனாலும், பிரசவத்துக்கே போனாலும், அந்தக் காகிதத்தை முதலில் காட்டுங்கள்.