சொன்னவர் வராத சாட்சியம்

நீதிமன்றத்துக்கு வராத ஒருவர் சொன்னதை, வந்திருக்கும் இன்னொருவர் எடுத்துச் சொல்லி, அதுவே உண்மை என்று நிலைநாட்டப் பார்ப்பது செவிவழிச் சாட்சியம். மலேசியாவின் 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம் பொதுவாக இதற்கு இடம் தருவதில்லை. வாய்மொழிச் சாட்சியம் நேரடியாக இருக்க வேண்டும் என்கிறது அதன் 60ஆவது பிரிவு. கண்டதைக் கண்டவரும், கேட்டதைக் கேட்டவரும்தான் சொல்ல வேண்டும். ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் இந்தியாவுக்காக வரைந்து 1872இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தை ஒட்டியே மலேசியச் சட்டமும் அமைந்தது.

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் தீபாவளிச் சந்தை நெரிசலில் ஒரு கார் மோட்டார் சைக்கிளை இடித்துவிட்டு நிற்காமல் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பார்த்த பூக்கடைக்காரர், கார் வெள்ளை நிறம் என்று பக்கத்துத் துணிக்கடைப் பணியாளரிடம் சொல்கிறார். பணியாளர் சாட்சிக் கூண்டில் ஏறி “கார் வெள்ளை நிறமாம்” என்றால் நீதிபதி அதை ஏற்கமாட்டார். பணியாளர் பொய் சொல்கிறார் என்பதல்ல காரணம். பூக்கடைக்காரர் எவ்வளவு தூரத்தில் நின்றார், விளக்கு வெளிச்சம் எப்படி இருந்தது, அவருக்குக் கண்பார்வை சரியா, காரோட்டியோடு பழைய பகை ஏதும் உண்டா என்றெல்லாம் பணியாளரிடம் கேட்டுப் பயனில்லை. கேட்க வேண்டிய ஆள் கூண்டில் இல்லை. குறுக்கு விசாரணைக்கு உட்படாத சொல்லை வைத்து ஒருவரைத் தண்டிக்கக் கூடாது என்பதே இந்த விதியின் உயிர்.

விதிக்கு விலக்குகளும் உண்டு. இறந்துபோனவர் தம் சாவுக்கான காரணத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனது 32ஆவது பிரிவின்படி ஏற்கப்படும். ஆளைத் தேடியும் கண்டுபிடிக்க முடியாத நிலைக்கும் அதே பிரிவு சில வழிகளைத் தருகிறது. எதிராளி தம் வாயாலேயே ஒப்புக்கொண்டது அவருக்கு எதிராகச் செல்லும். தாம் சொன்னதைத் தம்மால் குறுக்கு விசாரணை செய்ய முடியவில்லை என்று யாரும் முறையிட முடியாதல்லவா?

இந்த விதி எதுவரை செல்லும் என்று பொதுச் சட்ட உலகம் முழுவதற்கும் வரையறுத்துக் கொடுத்தது மலாயாவிலிருந்து போன ஒரு வழக்கு. கம்யூனிஸ்டுக் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலத்தின்போது, 1955 ஏப்ரல் 29 அன்று, ஜொகூர் ரெங்கம் வட்டாரத்தில் சுப்பிரமணியம் என்பவரைப் பாதுகாப்புப் படையினர் காயம்பட்ட நிலையில் கண்டுபிடித்தனர். அவர் இடுப்பில் கட்டியிருந்த தோல் வாரில் 20 தோட்டாக்கள் இருந்தன. அன்றைய அவசரகால விதிகளின்படி தோட்டா வைத்திருந்தாலே மரண தண்டனை விதிக்கலாம்.

பயங்கரவாதிகள் என்னைப் பிடித்துவைத்திருந்தனர், உயிருக்கு அஞ்சியே அவர்கள் சொன்னபடி நடந்தேன், சரணடையும் எண்ணத்தோடுதான் அந்த இடத்துக்கு வந்தேன் என்றார் சுப்பிரமணியம். உடனடியாகச் சாவு வரும் என்று அஞ்ச வைக்கும் மிரட்டலுக்குப் பணிந்து செய்த செயலைக் குற்றமாகக் கொள்ளாத பிரிவு தண்டனைச் சட்டத்தில் உண்டு. ஆகவே அவர்கள் தம்மிடம் என்ன சொன்னார்கள் என்று அவர் விவரிக்கத் தொடங்கினார். விசாரணை நீதிபதி தடுத்தார். அது செவிவழிச் சாட்சியம், சொன்னவர்களைச் சாட்சியாக அழைத்தாலொழிய அந்தப் பேச்சைக் கேட்க முடியாது என்றார். காட்டில் ஆயுதத்தோடு திரிந்தவர்களை ஜொகூர் நீதிமன்றத்துக்கு அழைத்து வருவது யாரால் ஆகும்? தம்மைக் காப்பாற்றக்கூடிய ஒரே விளக்கத்தைச் சொல்ல முடியாமலேயே சுப்பிரமணியம் மரண தண்டனை பெற்றார். மலாயாவில் செய்த மேல்முறையீடும் தள்ளுபடி ஆனது.

1956இல், இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. தீர்ப்பை வழங்கியவர் இலங்கையைச் சேர்ந்த எல்.எம்.டி. டி சில்வா. வராத ஒருவர் சொன்னது உண்மை என்று நிறுவுவதற்காக அதைக் கொண்டுவந்தால் அது செவிவழிச் சாட்சியம், அதற்கு இடமில்லை. அப்படிச் சொல்லப்பட்டது என்பதை மட்டும் நிறுவுவதற்காகக் கொண்டுவந்தால் அது செவிவழிச் சாட்சியமே அல்ல, அதை ஏற்க வேண்டும். தீர்ப்பின் சாரம் இவ்வளவுதான். “ஓடினால் சுட்டுவிடுவோம்” என்று ஒருவர் மிரட்டினால், அவர் மெய்யாகவே சுட்டிருப்பாரா என்பது அங்கே கேள்வியல்ல. அந்த மிரட்டல் சுப்பிரமணியத்தின் காதில் விழுந்ததா, அதைக் கேட்டு அவர் அஞ்சினாரா என்பதுதான் கேள்வி. அதற்கு அவரே நேரடிச் சாட்சி. அந்தச் சாட்சியத்தைக் கேட்டிருந்தால் விசாரணை மன்றம் வேறு முடிவுக்கு வந்திருக்கக்கூடும் என்று பிரிவி கவுன்சில் கருதியது. ஒரு மனிதரின் கழுத்திலிருந்து தூக்குக் கயிற்றை அகற்றிய அந்த வேறுபாட்டை இன்றும் மலேசியா, இங்கிலாந்து, இலங்கை, சிங்கப்பூர் சட்ட மாணவர்கள் படிக்கின்றனர்.

அன்றாட வழக்குகளிலும் இதே வேறுபாடு வரும். பிரிக்பீல்ட்ஸில் ஒரு சங்கக் கூட்டத்தில் ஒருவரைத் திருடர் என்று மற்றொருவர் பேசிவிட்டால், அவதூறு வழக்கில் கூட்டத்தில் இருந்த யாரும் அதைச் சொல்லலாம். அவர் திருடர் என்று காட்டுவதற்காக அந்தச் சாட்சியம் வரவில்லை. அப்படிப் பேசினார் என்பதே அங்கே வழக்கு.

குற்ற வழக்கிலிருந்து விலகி, உயர் பதவியில் இருப்பவரை நீக்கும் விசாரணைக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. மலேசியாவில் அதிபர் பதவி இல்லை. பிரதமர் நாடாளுமன்றப் பெரும்பான்மையை இழந்தால் போகிறார். சாட்சிகளை வைத்து, குற்றச்சாட்டுகளைப் படித்து, ஒருவரைப் பதவியிலிருந்து இறக்கும் விசாரணை நீதிபதிகளுக்கு அரசியலமைப்பின் 125ஆவது விதியின்கீழ் உண்டு. அந்த விதியின்கீழ் நடந்தவற்றில் நாட்டை உலுக்கியது 1988ஆம் ஆண்டு விசாரணை.

அப்போது நாட்டின் தலைமை நீதிபதிக்கு லார்ட் பிரசிடென்ட் என்று பதவிப் பெயர். அப்பதவியில் துன் சாலே அபாஸ் இருந்தார். பிரதமர் மகாதீர் நீதித்துறையைக் கடுமையாகச் சாடிவந்த நாட்கள் அவை. 1988 மார்ச் 25 அன்று கோலாலம்பூரில் நீதிபதிகள் அதைப் பற்றிக் கூடிப் பேசினர். மறுநாள் சாலே அபாஸ் அது குறித்து மாமன்னருக்கும் மாநில ஆட்சியாளர்களுக்கும் கடிதம் எழுதினார். மே 27 அன்று பிரதமர் அவரை அழைத்து, மாமன்னர் அந்தக் கடிதத்தால் அதிருப்தி அடைந்திருக்கிறார், பதவி விலக வேண்டும் என்று சொன்னதாக சாலே பின்னர் தெரிவித்தார். விலகல் கடிதம் கொடுத்தவர் சில நாட்களுக்குள் அதை மீட்டுக்கொண்டார். பதவி இடைநீக்கம் செய்யப்பட்டு, ஆறு பேர் கொண்ட தீர்ப்பாயத்தின் முன் நிறுத்தப்பட்டார்.

சுப்பிரமணியம் வழக்கின் அளவுகோலை இங்கே வைத்துப் பார்க்கலாம். பிரதமர் தம்மிடம் இப்படிச் சொன்னார் என்பதற்கு சாலே நேரடிச் சாட்சி. மாமன்னர் மெய்யாகவே அதிருப்தி அடைந்தாரா, எதனால் அடைந்தார் என்பதற்கு அவர் சாட்சி ஆகமாட்டார். அதைப் பிரதமர் சொன்னாலும் அது இன்னொருவர் வாய்ச்சொல்தான். மாமன்னரையோ கூண்டில் ஏற்றிக் கேட்க வழியில்லை. ஒரு நாட்டின் தலைமை நீதிபதியின் வாழ்க்கையைப் புரட்டிப்போட்ட நிகழ்வுகளின் தொடக்கத்தில் யாராலும் குறுக்கு விசாரணை செய்ய முடியாத ஒரு சொல் நின்றது.

அதைவிட உறுத்தலானது தீர்ப்பாயத்தின் அமைப்பு. தலைவராக அமர்ந்தவர் அப்துல் ஹமீது ஒமார். சாலே நீங்கினால் அந்த இடத்துக்கு வரக்கூடியவர் அவர். மார்ச் 25 கூட்டத்தில் கலந்துகொண்ட நீதிபதிகளில் அவரும் ஒருவர். கடிதம் எப்படி உருவானது, யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டியவர் நீதிபதி நாற்காலியில் இருந்தார். இலங்கைத் தலைமை நீதிபதி ரணசிங்கவும் சிங்கப்பூர் நீதிபதி டி.எஸ். சின்னத்துரையும் மற்ற உறுப்பினர்களில் அடங்குவர். இந்த அமைப்பை ஏற்க மறுத்த சாலே விசாரணைக்குப் போகவில்லை. சட்டத்துறைத் தலைவர் முன்வைத்த சாட்சியம் எதிர்க்கேள்வி இன்றியே பதிவானது. ஆகஸ்ட் 8 அன்று சாலே நீக்கப்பட்டார். இருபது ஆண்டுகள் கழித்து 2008இல் அப்துல்லா படாவி அரசு அவருக்கும் அந்த நெருக்கடியில் பாதிக்கப்பட்ட மற்ற நீதிபதிகளுக்கும் கருணைத்தொகை வழங்கியது. நேரடிச் சாட்சியமே ஆனாலும், எதிர்க்கேள்வி கேட்க ஆளில்லாத அறையில் அதற்குச் செவிவழிச் சாட்சியத்தைவிடப் பெரிய மதிப்பு கிடையாது என்பதற்கு 1988 போதுமான சான்று.

இலங்கையில் 2012இல் தலைமை நீதிபதி ஷிராணி பண்டாரநாயக்க மீது நாடாளுமன்றத் தெரிவுக்குழு விசாரணை நடத்தியபோது இதே குறை வேறு வடிவில் வந்தது. நியாயமான விசாரணை கிடைக்காது என்று சொல்லி அவர் டிசம்பர் 6 அன்று வெளியேறினார். இரா. சம்பந்தன் உள்ளிட்ட நான்கு எதிர்க்கட்சி உறுப்பினர்களும் மறுநாள் விலகினர். அதன் பிறகுதான் குழு சாட்சிகளை அழைத்துக் கேட்டது. 2013 ஜனவரியில் அவர் நீக்கப்பட்டார்.

அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப் மீது 2019இல் நடந்த பதவிநீக்க விசாரணையில் செவிவழிச் சாட்சியம் என்ற சொல் நாள்தோறும் ஒலித்தது. உக்ரைன் அதிபர் செலன்ஸ்கியுடன் டிரம்ப் ஜூலை 25 அன்று தொலைபேசியில் பேசியதே விவகாரம். அதைப் பற்றிப் புகார் எழுதியவரே பெரும்பாலானவற்றைத் தாம் நேரில் காணவில்லை என்று குறிப்பிட்டிருந்தார். தூதர் வில்லியம் டெய்லரும் பலவற்றை மற்றவர் சொல்லக் கேட்டவர். எல்லாம் காதுவழிக் கதை என்று குடியரசுக் கட்சியினர் வாதாடினர். அந்த வாதத்தில் ஓரளவுதான் வலு இருந்தது. நாடாளுமன்ற விசாரணையை நீதிமன்றச் சாட்சிய விதிகள் கட்டுப்படுத்துவதில்லை என்பது ஒருபுறம். மறுபுறம், வெள்ளை மாளிகை அதிகாரி அலெக்சாண்டர் விண்ட்மன் அந்த அழைப்பை உடனிருந்து கேட்டவர். தூதரக அதிகாரி டேவிட் ஹோம்ஸ் மறுநாள் கீவ் நகர உணவகத்தில் தூதர் சோண்ட்லண்டின் கைபேசியிலிருந்து வந்த டிரம்பின் குரலைக் காதாரக் கேட்டவர். எதிராளியின் சொந்த வாய்ச்சொல்லுக்கு நீதிமன்றத்திலேயே இடம் உண்டு.

நேரில் அறிந்தவர்கள் வேறு சிலரும் இருந்தனர். வெள்ளை மாளிகையின் பொறுப்புத் தலைமை அலுவலர் மல்வேனி அழைப்பாணை வந்தும் போகவில்லை. பாதுகாப்பு ஆலோசகராக இருந்த ஜான் போல்டன், செனட் அழைத்தால் வருவதாகச் சொன்னார். 2020 ஜனவரி 31 அன்று சாட்சிகளை அழைப்பதில்லை என்று செனட் 51க்கு 49 என்ற கணக்கில் முடிவெடுத்தது. பிப்ரவரி 5 அன்று டிரம்ப் விடுவிக்கப்பட்டார். செவிவழிச் சாட்சியம் என்று குறை சொல்பவருக்கு அதைத் தீர்க்கும் வழியும் தெரியும்: சொன்னவரையே அழைத்து வருவது. அழைக்கும் அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பயன்படுத்த மறுத்தவர்களின் ஆட்சேபத்தை மதிப்பது கடினம்.

சொன்னவரையே அழைத்துக் கேட்ட விசாரணை கோலாலம்பூரில் நடந்திருக்கிறது. வழக்கறிஞர் வி.கே. லிங்கம் தம் வீட்டில் தொலைபேசியில் பேசும் காணொளி ஒன்றை 2007 செப்டம்பரில் அன்வார் இப்ராஹிம் வெளியிட்டார். 2001இல் பதிவானது அது. மூத்த நீதிபதி ஒருவரின் பதவி உயர்வுக்கு யார் யாரிடம் பேச வேண்டும் என்று அதில் பேச்சு ஓடியது. இடையிடையே “கரெக்ட், கரெக்ட், கரெக்ட்” என்று அவர் ஆமோதித்தது நாடெங்கும் பிரபலமானது. மறுமுனைக் குரல் கேட்கவில்லை. அது அகமது ஃபைரூஸ் என்று சொல்லப்பட்டது. காணொளி வெளிவந்தபோது அவர்தான் நாட்டின் தலைமை நீதிபதி. அம்பிகா சீனிவாசன் தலைமையில் சுமார் 2,000 வழக்கறிஞர்கள் புத்ராஜெயாவில் நடந்துபோய் விசாரணை கோரினர்.

2008 ஜனவரியில் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்தில் ஹைதர் முகமது நூர் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் அமர்ந்தது. 1950ஆம் ஆண்டு விசாரணை ஆணையச் சட்டத்தின் 8ஆவது பிரிவு, நீதிமன்றம் ஏற்காத சாட்சியத்தையும் ஆணையம் ஏற்கலாம் என்கிறது. அந்தக் காணொளிக்கு அது தேவைப்பட்டது. லிங்கத்தின் பேச்சு லிங்கத்துக்கு எதிராக அவருடைய சொந்த வாய்ச்சொல். ஆனால் அதில் பெயர் சொல்லப்பட்ட அரசியல்வாதியும் தொழிலதிபரும் மெய்யாகவே அப்படிச் செய்தார்கள் என்பதற்கு அது வெறும் செவிவழிச் செய்தி. ஆணையம் அந்தச் செய்தியோடு நிற்காமல் பெயர் வந்தவர்களையும் கூண்டுக்கு அழைத்தது. மகாதீர் வந்தார். அகமது ஃபைரூஸ் வந்து, மறுமுனையில் இருந்தது தாம் அல்ல என்று மறுத்தார். படம் பிடித்த லோ குவோ பர்ன் சாட்சி சொன்னார். அதே ஆண்டு மார்ச்சில் அவர் கெலானா ஜெயா நாடாளுமன்ற உறுப்பினரானார். லிங்கமோ, பார்த்தால் தம்மைப் போல இருக்கிறது, குரலும் தம்முடையதைப் போல இருக்கிறது, ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

எல்லோரும் பார்க்க, எதிர்த் தரப்பு கேள்வி கேட்க, அந்தப் பதில் பதிவானது. பேசியவர் லிங்கமே, மறுமுனையில் இருந்தவர் அகமது ஃபைரூஸே என்று மே மாதம் வெளியான அறிக்கை முடிவு சொன்னது. அதன் பேரில் யார் மீதும் குற்ற வழக்கு தொடுக்கப்படவில்லை. தொடுத்திருந்தால் ஆணையத்துக்கு இருந்த சலுகை வழக்குத் தொடுப்பவருக்கு இருந்திருக்காது. சாட்சியச் சட்டத்தின் 60ஆவது பிரிவுக்கு உட்பட்டு, கேட்காத அந்த மறுமுனைக் குரல் யாருடையது என்பதை நேரடிச் சாட்சியத்தாலோ சூழ்நிலைச் சான்றாலோ ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டியிருந்திருக்கும்.