உண்ட உணவே நஞ்சாகும் விந்தை

திருகோணமலைத் துறைமுகத்தின் எழிலைப் புகழாதார் இலர். ஆயினும் அதனைச் சூழ்ந்த காட்டுப் புறங்களில், முன்னாளில் குடிமக்களையும் கடற்படையினரையும் ஒருங்கே நடுங்கவைத்த பகை ஒன்று உறைந்தது. அதுவே மலேரியாக் காய்ச்சல்.

அக்காலத்தில் அதற்குற்ற மருந்து, சிங்கோனா மரப்பட்டையிலிருந்து பெறும் குயினைன். உலகிற்கு வேண்டிய குயினைனிற் பெரும்பகுதியை அளித்துவந்த யாவாத் தீவு 1942 மார்ச்சில் யப்பானியர் வசமாயிற்று. ஏப்ரல் 9ஆம் நாள் திருகோணமலை மீதே அவர்தம் குண்டுகள் வீழ்ந்தன. குயினைன் அரிதாகவே, ஆசியப் போர்முனைகளில் நின்ற நேச நாட்டு வீரர்க்கு மெப்பக்கிரின் என்னும் மஞ்சட் குளிசை வழங்கப்பட்டது. போருக்குப்பின் குளோரோகுயின் பரவலாக வழங்கலாயிற்று.

இம்மருந்துகள் கிருமியை எவ்வாறு கொல்கின்றன?

நுளம்பு கடிக்கையில் உட்புகும் கிருமி, முதலில் ஈரலிற் பெருகிப் பின்னர் குருதியின் செங்குழியங்களுள் நுழைகிறது. அங்குள்ள ஈமோகுளோபினை உண்டு வளர்கிறது. உண்டபின் எஞ்சும் ‘ஈம்’ என்னும் இரும்புச் சேர்வை கிருமிக்கே கொடிய நஞ்சு. ஆதலின் அதனைத் தீங்கற்ற பளிங்குத் துகள்களாக்கிக் கிருமி ஒதுக்கிவிடுகிறது. குளோரோகுயின் அப்பளிங்கு உருவாகாமற் தடுக்கிறது. குயினைனும் இவ்வாறே செயற்படுகிறதென்பர். தான் உண்ட உணவின் மிச்சமே நஞ்சாகத் தேங்கிட, கிருமி மாள்கிறது!

கிருமியும் சளைத்ததன்று. சிலவகைக் கிருமிகள் தம் உணவுப் பையினின்று குளோரோகுயினை வெளியே தள்ளும் ஆற்றல் பெற்றன. குளோரோகுயினுக்கு அடங்காத கிருமி இலங்கையில் 1984இல் கண்டறியப்பட்டது. இன்று அவற்றிற்கு எதிராக, சீன மூலிகையொன்றிலிருந்து தூ யூயூ அம்மையார் குழுவினர் பிரித்தெடுத்த ஆட்டிமிசினின் வழிவந்த மருந்துகள், பிறிதொரு மருந்தோடு சேர்த்து அளிக்கப்படுகின்றன. அதே ‘ஈம்’ இரும்பே இம்மருந்தைத் தூண்டிக் கிருமியைச் சிதைக்கச் செய்கிறது. ஒருவகைக் கிருமியோ ஈரலில் மாதக்கணக்கில் உறங்கியும் கிடக்கும். அதற்குப் பிரிமாகுயின் வேண்டும். காய்ச்சல் தணிந்தவுடன் குளிசையை நிறுத்தலாகாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

1963இல் இலங்கை முழுவதிலும் 17 பேரிடமே இந்நோய் காணப்பட்டது. நாம் அயர்ந்தோம், 1968-69ஆம் ஆண்டுகளில் நோயாளர் தொகை இலட்சக்கணக்கில் உயர்ந்தது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. ஆயினும் நுளம்பு நம்மை விட்டு அகலவில்லை. கடல்கடந்து வருவோர் குருதியிற் கிருமியும் வரக்கூடும். துறைமுகத்தை அடுத்து வாழ்வோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பிறநாடு சென்று மீண்டவர்க்குக் காய்ச்சல் காணின், சென்ற நாட்டின் பெயரை வைத்தியரிடம் முதலிற் கூறிக் குருதிப் பரிசோதனை செய்விப்போமாக.