நனைந்தும் நனையாத மேனி

ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே கடல் நிலத்துக்குள் புகுந்து விரிந்திருக்கும் இடம் சால்வே கழிமுகம். ஜனவரியில் அங்கே எட்டரை மணிவாக்கில்தான் பொழுது விடிகிறது. ஐஸ்லாந்திலிருந்து குளிர்காலத்தைக் கழிக்க வந்த காட்டு வாத்துகள், சேற்றுத்திட்டில் இரவு தங்கிவிட்டு வயல்களை நோக்கிக் கூட்டம் கூட்டமாக எழும் வேளை அது. சேற்று வாய்க்கால் ஒன்றின் கரைமறைவில் ஒருவர் துப்பாக்கியோடு குந்தியிருக்கிறார். உடம்பில் அடுக்கடுக்காய்க் கம்பளி, அதன்மேல் மழைக்கோட்டு, இடுப்புவரை ரப்பர் பூட்ஸ், போதாததற்கு ஃபிளாஸ்க்கில் சூடான தேநீர். பக்கத்தில் கறுப்பு லாப்ரடார் ஒன்று. அதன் மேல் ஒரு நூல்கூட இல்லை. வெடிச்சத்தம் கேட்கிறது, பறவை நீரில் விழுகிறது, எஜமானின் வாயிலிருந்து ஒரு சொல் பிறக்கிறது. அடுத்த கணம் நாய் நீரில் இருக்கிறது. நீந்திப் போய், இறகு கசங்காமல் கவ்விவந்து கையில் ஒப்படைத்துவிட்டு, உடம்பை ஓர் உலுக்கு உலுக்கிக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்துவிடுகிறது.

பார்க்கும் நமக்குத்தான் நடுங்குகிறது. வாயில்லா ஜீவனுக்கு ஒரு சட்டை மாட்டிவிடக் கூடாதா என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. அந்த ஊர் வேட்டைக்காரர்களிடமும் இந்த வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. செல்லம் கொடுத்து நாயைக் கெடுக்காதே என்பார் ஒருவர்; நியோபிரீன் ரப்பர்ச் சட்டையை வாங்கி மாட்டிவிட்டு, உன் நாயைப்போல் என் நாய் நடுங்கவில்லை என்பார் இன்னொருவர். தீர்ப்புச் சொல்லும் முன், அந்த நாய் ஏற்கெனவே எதை உடுத்தியிருக்கிறது என்று குனிந்து பார்ப்பதுதானே நியாயம்?

மயிர் படிந்திருக்கும் திசைக்கு எதிராக விரலை ஓட்டிப் பாருங்கள். மேலே தென்படுவது குட்டையான, முரட்டு மயிர். விறைப்பும் வழவழப்பும் உள்ளது. அதை விலக்கினால் அடியில் இன்னொரு உலகம். பஞ்சுபோல் மெல்லிய உள்மயிர், தோலே தெரியாதபடி நெருங்கிச் செறிந்து கிடக்கிறது. ஒவ்வொரு மயிர்த்துளையிலிருந்தும் தடித்த மயிர் ஒன்றும், அதைச் சூழ்ந்து நொய்ம்மயிர் பலவும் கொத்தாகப் புறப்படுகின்றன. வேருக்கருகே கண்ணுக்குத் தெரியாத சிறு சுரப்பி எண்ணெய் கசிந்து அவற்றைப் பூசிக்கொண்டே இருக்கிறது. அதே வேரில், மயிரைச் சிலிர்த்து நிமிர்த்தவென்று ஓர் இம்மியளவு தசை. மழைத்துளி மேல்மயிரில் உருண்டோடிவிடுகிறது. உள்மயிரோ ஒன்றையும் பற்றவைக்காமல், ஒன்றையும் எரிக்காமல், வெறும் காற்றைப் பிடித்துவைத்துக்கொண்டு உடலைக் காக்கிறது. அசையாத காற்றைவிட நீர் ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். வெளியே பனிக்காற்று, உள்ளே 38 டிகிரிக்கு மேல் கனலும் உயிர். இரண்டுக்கும் நடுவே நிற்கும் மதில் இந்த மெல்லிய காற்றுப் படலம்தான்.

நெடுநேரம் நீந்தினால் அந்த மதிலும் கசியும். அதற்கும் வழி வைத்திருக்கிறது படைப்பு. நாய் உடலை உலுக்கும்போது நாம் செய்வதெல்லாம் முகத்தைத் துடைத்துக்கொண்டு சலித்துக்கொள்வது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹூவும் ஆண்ட்ரூ டிக்கர்சனும் அதை அதிவேகப் படக்கருவியில் பிடித்து 2012இல் ஆய்வாக வெளியிட்டார்கள். சுண்டெலி முதல் கரடிவரை ஒவ்வொரு விலங்கும் தன் பருமனுக்கேற்ற தாளத்தில் உலுக்குகிறது. சுண்டெலி நொடிக்கு முப்பது முறை, லாப்ரடார் நான்கு முறைக்குச் சற்று மேல். சிறிய உடல் வேகமாகச் சுழன்றால்தான் துளி தெறிக்கும். அந்தக் கணக்கைச் சுண்டெலிக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? நாயின் தோல் தளர்ந்திருப்பதும் வீணுக்கல்ல. முதுகெலும்பு கொஞ்சம் திரும்ப, தோல் அதைப்போல மும்மடங்கு அகலமாய்ச் சுழல்கிறது. சில நொடிகளில் ஈரத்தில் பெரும்பகுதி காற்றில் போய்விடுகிறது. எப்போது உலுக்க வேண்டும் என்பதற்கும் தனி நரம்பு உண்டு. மயிர்வேரைச் சுற்றியிருக்கும் நுண்ணிய தொடுநரம்புகள்தாம் இந்த உலுக்கலைத் தூண்டுகின்றன என்று ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2024இல் சுண்டெலிகளிடம் கண்டார்கள்.

பாதத் திண்டில் மயிரே இல்லையே, உறைசேற்றில் அது எப்படித் தாங்கும்? ஜப்பானில் ஹிரோயோஷி நினோமியா நாயின் பாதத் திண்டில் ஓடும் ரத்தநாளங்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். சூடான ரத்தத்தைக் கொண்டுவரும் தமனியை ஒட்டியே, குளிர்ந்து திரும்பும் சிரைகள் வலைபின்னியிருக்கின்றன. இறங்கும் ரத்தம் தன் சூட்டை ஏறும் ரத்தத்துக்குக் கொடுத்துவிடுகிறது. பாதம் உறையாத அளவுக்குச் சூடு பாதத்துக்கு. மிச்சம் நெஞ்சுக்கே திரும்பிவிடுகிறது.

இந்த மேனி சால்வேயில் நெய்யப்பட்டதல்ல. அட்லாண்டிக்கின் மறுகரையில், நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களின் படகில் வாழ்ந்து நீரில் வேலைசெய்த நாய்கள்தாம் லாப்ரடாரின் மூதாதையர். தூண்டிலிலிருந்து நழுவும் மீனைப் பிடிப்பதும் வலைக்கயிற்றைக் கரைசேர்ப்பதும் அவற்றின் பிழைப்பு. பனிக்கட்டி மிதக்கும் கடலில் நீண்ட மயிர் உறைந்து பாரமாகும். குட்டை மயிர்க்காரனே நிலைத்தான். மீன்வணிகக் கப்பல்களில் இங்கிலாந்து போய், பிரபுக்களின் வேட்டைக்காட்டில் வளர்ந்து, 1903இல் அங்குள்ள கென்னல் கிளப்பின் ஏட்டில் தனி இனமாகப் பதிவானது. அதே லாப்ரடார் இன்று சென்னை அடுக்குமாடி லிஃப்ட்டில் நம்மோடு ஏறி இறங்குகிறது. அட்லாண்டிக்குக்கு வைத்த அந்த உள்மயிரோடு அது சித்திரை வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்க, நாம் பதறிப்போய் மொட்டையடித்துவிடுகிறோம். வெயிலையும் ஓரளவு தடுப்பது அந்த மயிர்தான் என்பது நமக்கு எட்டுவதில்லை. சீவி, உதிர்ந்த மயிரை எடுத்தாலே போதும்.

இனி வழக்குக்கு வருவோம். ஓடும் நாய்க்கு, நீந்தும் நாய்க்கு, தசையே அடுப்பு. ஆபத்து ஓட்டத்தில் இல்லை, காத்திருப்பில் இருக்கிறது. நனைந்த உடலோடு காற்றில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, ஒவ்வொரு துளியும் ஆவியாவதற்கான வெப்பத்தை அந்த உடலிடமிருந்துதான் வாங்குகிறது. உறையும் தறுவாயில் இருக்கும் நீரைக் கொதிக்கும்வரை சூடாக்கும் வெப்பத்தைப்போல ஐந்து மடங்குக்கும் மேல் அந்தக் கடன். பகல் முழுதும் குளிர்நீரில் வேலை செய்த லாப்ரடார் சில சமயம் மறுநாள் வாலைத் தூக்க முடியாமல் தொங்கவிட்டு வலியோடு நிற்கும். பெரும்பாலும் சில நாளில் சரியாகிவிடும். எடின்பரோவின் ராஸ்லின் நிறுவனம் 2016இல் இதை ஆராய்ந்தபோது, வேலை செய்யும் நாய்களிடமும், நீந்திய நாய்களிடமும், வடக்கே குளிரில் வாழும் நாய்களிடமும் இது மிகுதியாக இருக்கக் கண்டது. வேட்டைக்காரர்கள் அதைக் 'குளிர்வால்' என்றே வெகுகாலமாகச் சொல்லிவந்தார்கள். அனுபவம் முந்திக்கொள்ளும், ஆய்வு பின்னால் வரும், இது புதிதல்லவே.

எல்லா வேட்டைநாய்க்கும் உள்மயிர் வாய்க்கவும் இல்லை. ஹங்கேரியின் வெட்டவெளியில் பறவையை மோப்பம் பிடித்துக் காட்டுவதற்கென்று வளர்ந்த விஸ்லாவுக்குப் பொன்னிறத்தில் ஒற்றைப் படலம்தான், கம்பளி கிடையாது. அந்த அழகையும் வேகத்தையும் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்தது மனிதக் கை. அந்நாட்டவரே குறையை உணர்ந்து, 1930களில் ஜெர்மானியக் கம்பிமயிர் நாயோடு கலந்து முரட்டு மயிர் விஸ்லாவை உருவாக்கினார்கள். ஒற்றைப் படல நாயைக் கழிமுகச் சேற்றில் உட்காரவைப்பவர், அதற்கு ஒரு சட்டை கடன்பட்டிருக்கிறார் என்றுதான் என் மனத்துக்குப் படுகிறது. மெலிந்த நாய்க்கும், கிழடுதட்டியதற்கும், இன்னும் மயிர் முற்றாத குட்டிக்கும் அதே நியாயம்தான்.

ஆனால் முள்ளுக்குள் புகுந்து பறவையை எழுப்பும் ஸ்பானியலுக்குச் சட்டை மாட்டுவது அன்பாகாது. முட்புதரில் கழுத்துப்பட்டையே சிக்கிக்கொள்ளும் என்று அதையும் கழற்றிவிட்டுத்தான் விடுகிறார்கள். வேலையின் நடுவே உடலில் ஏறும் சூட்டை நாய் வியர்த்துத் தணிக்க முடியாது. மூச்சிரைத்துத்தான் தணிக்க வேண்டும். அளவு தப்பிய நியோபிரீன் முன்னங்கால் இடுக்கில் உராய்ந்து புண்ணாக்கும், தளர்ந்தால் நீந்தும்போது நீரை மொண்டுகொள்ளும். நனைந்த துணிக்கோட்டு இன்னும் மோசம். மயிரை அழுத்தி, படைப்பு பார்த்துப் பார்த்துச் சேர்த்த காற்றையெல்லாம் பிழிந்து வெளியே தள்ளிவிடும். படகிலும் ஆழநீரிலும் மணிக்கணக்கில் கிடக்கும் நாய்க்குப் பொருத்தமான நியோபிரீன் சட்டை சூட்டையும் தரும், மிதப்பையும் தரும். அங்கே அது வீம்பல்ல.

மற்றபடி, லாப்ரடார்க்காரர் செய்ய வேண்டியது வேலை முடிந்த பிறகுதான். வண்டிக்குத் திரும்பியதும் நெஞ்சையும் அடிவயிற்றையும் முதலில் துவட்ட வேண்டும்; மயிர் குறைந்த இடம் அதுதான், சேறு படிவதும் அங்கேதான். பிறகு ஈரம் உறிஞ்சும் துவாலைத் துணிக் கோட்டு, காற்றுப் புகாத மூலை, வயிற்றுக்கு ஏதாவது. மேல்மயிர் சீக்கிரம் காய்ந்து பளபளத்து ஏமாற்றும். அதை நம்பிக் கோட்டைக் கழற்றிவிடாமல், தோள்பட்டைக்குப் பின்னால் எதிர்மயிராக விரலை விட்டு, வேர்வரை காய்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் கழற்றுகிறார்கள் அனுபவசாலிகள்.